பார்லர் முழுக்கத் தெரிந்த ரகசிய எண்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, என் பார்லர், அதன் ஆடும் நாற்காலி எல்லாரும் சுகம். நீ சுகமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, இந்த முறை உண்மையான பதில் வேண்டும். போனில் கேட்டால் "நல்லாருக்கேம்மா, கிளாஸ் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, நடக்கச் சொன்ன டாக்டரைப் பார்க்கவே வண்டி பிடித்துத்தான் போகிறார். உன் சித்தப்பா மீசையை எடுத்துவிட்டார், சித்தியே யாரோ விருந்தாளி என்று உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாளாம்.

விஷயத்துக்கு வருகிறேன், திட்டாதே. பரீட்சை நேரம் என்று உதவித்தொகைப் பக்கத்துக்குள் போகிற உன் ரகசிய எண்ணை எனக்குக் கொடுத்து, அப்பாவின் வருமானச் சான்றை மட்டும் ஏற்றிவிடு, எண்ணை எங்கேயும் எழுதி வைக்காதே என்றாய் அல்லவா. எழுதவில்லை, மனப்பாடம் செய்தேன். எனக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் மண்டையில் ஏறும், அதனால் முடி வெட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்திருக்கிறேன். போன வாரம் கடைசி எண் வராமல் நான் திணற, தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரி, "ஏழுக்கா, ஏழு" என்று எடுத்துக் கொடுத்தாள். கத்தரி கையிலிருந்து நழுவிவிட்டது.

பயந்துபோய் அன்றைக்கே உள்ளே நுழைந்து பார்த்தேன். மேலே சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு. இந்தப் பருவத்தில் நீ பாதிப் பாடங்களை விட்டுவிட்டாயாம், அவற்றை மறுபடி எடுப்பதாக வருகிற வெள்ளிக்கிழமைக்குள் உறுதி சொல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடுமாம். கீழே 'தொடர்கிறேன்', 'நிறுத்துகிறேன்' என்று இரண்டு பொத்தான். மருந்துக்கடைக்காரியின் வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் ஜாடையாக விசாரித்தேன், என் ஜாடைதான் தெருமுனைவரை கேட்குமே. அவள் சிரித்துவிட்டு, "அக்கா, போன்ல எழுத்தைப் பெருசாக்கவே எனக்கு ஆள் வேணும், நானா உங்க பொண்ணு படிப்புல கை வைக்கப் போறேன்?" என்றாள். அப்புறம்தான் பாடங்களை விட்ட தேதியைப் பார்த்தேன். எண்ணை என் கையில் கொடுப்பதற்கு முன்பே நீதான் விட்டிருக்கிறாய்.

அன்றிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை குட்டி. உடம்புக்கு முடியவில்லையா, பாடம் புரியவில்லையா, யாராவது மனசு நோகப் பேசினார்களா, ஒன்றும் தெரியவில்லை. நேற்று வங்கியில் வேலை செய்கிற ஒரு அம்மாவுக்கு ஒரு புருவத்தை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டேன். அவர் என்ன சொன்னாலும் சந்தேகப்பட்டுக் கேட்கிற மாதிரியே இருக்கிறதாம், ஆபீசில் எல்லாரும் பயப்படுகிறார்களாம்.

அப்பாவோ, "எண்ணுதான் உன்கிட்ட இருக்கே, தொடர்கிறேன்னு அமுக்கிடு, வேலை முடிஞ்சது" என்கிறார். மறைக்க மாட்டேன், விரலைப் பொத்தான்வரை கொண்டுபோய்விட்டேன். ஆனால் நான் அமுக்கினால் படிக்கப்போவது நீ. உன்னால் முடியாமல்தான் விட்டிருந்தாயானால், நானே உன்னைப் பிடித்துத் தள்ளியது போல ஆகிவிடாதா? பக்கத்தை மூடிவிட்டேன். அப்பாவுக்குக் கோபம், பேசுவதில்லை. வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது.

நீ இப்போதே அந்த எண்ணை மாற்று. புது எண்ணை என்னிடம் சொல்லாதே, கெஞ்சினாலும் சொல்லாதே. உடம்புதான் காரணமென்றால் அந்த அலுவலகத்துக்குப் போய் நேரில் பேசு, அவகாசம் கேட்டுப் பார், கேட்பதில் வெட்கம் வேண்டாம். பிறகு உனக்குச் சரியென்று பட்டதை நீயே அமுக்கு. வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். வெள்ளிக்கிழமையை மறக்காதே. எதை அமுக்கினாலும் அன்றைக்கே கூப்பிடு. நிறுத்துகிறேன் என்றாலும் கூப்பிடு. உன் அறையில் நான் அடைத்து வைத்திருக்கும் பார்லர் துண்டுகளை எடுத்துவிட்டுக் கட்டிலை விரிக்க எனக்கு அரை நாள் போதும்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் அம்மா