நான் கற்றுக்கொடுத்த பிடி

14-12-1943
திருத்தணிக்கு வந்து இன்றோடு நாற்பது நாள். ஒரு மாதம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அக்டோபர் வெள்ளத்தில் சென்னை மிதந்ததிலிருந்து மராமத்து இலாகாவுக்குத் திடீரென்று அக்கறை பிறந்துவிட்டது. ஏரி காக்கும் லஸ்கர்கள் அத்தனை பேரும் படகு ஓட்ட வேண்டுமாம், தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்க வேண்டுமாம். துறைமுகத்தில் உயிர்காக்கும் படகில் பன்னிரண்டு வருஷம் இருந்த பாவத்துக்கு என்னைப் பிடித்து இங்கே போட்டார்கள்.

லீவு மனு மூன்றாம் முறையும் திரும்பி வந்தது. ஓவர்சியர் பரந்தாமன் சிரித்துக்கொண்டே கொடுத்தார். "தை கிருத்திகைக்குள்ள எட்டு ஆளையும் தேத்திக் குடுங்க ஜெகநாதன். அப்புறம் நானே உங்களை ரயிலேத்தி விடறேன்."

காஞ்சனாவுக்கு ஏழாம் மாதம். முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது. அப்போதும் நான் படகில்தான் இருந்தேன். இந்தத் தடவை ராயபுரத்தில் அவள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

23-12-1943
எட்டுப் பேரில் துரைக்கண்ணு ஒருவன்தான் தேறுவான். இந்த ஊர்க்காரன். நான் சொல்வதை அப்படியே செய்வான், ஒரு கேள்வி கேட்க மாட்டான்.

இன்று ஆளைப் பிடிக்கும் பாடம். "முழுகுகிறவன் எதிரே போகாதீர்கள். கையைக் கொடுக்காதீர்கள். கட்டிப்பிடித்து உங்களையும் சேர்த்துக் கொண்டுபோவான். பின்னாலிருந்து போய் உச்சி முடியைப் பிடியுங்கள்." எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. துறைமுகத்தில் இப்படித்தான் பதினேழு பேரைத் தூக்கியிருக்கிறேன்.

நாலு பேருக்குக் குடுமி, மற்றவர்களுக்கு கிராப்பு. ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுத்து ஒரே சிரிப்பு. திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். யோசிக்காமல் கை தலைக்குப் போக வேண்டும்.

6-1-1944
சென்னை வண்டி சரியான நேரத்துக்குப் போயிற்று. நான் இல்லாமல்.

18-1-1944
காஞ்சனா கடிதம். கால் வீங்கியிருக்கிறதாம். "உங்கள் ஏரிக்கு என்னைவிட அவசரமா?" என்று கேட்டிருக்கிறாள். இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, ஏரி, ஓவர்சியர்.

2-2-1944
எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

தை கிருத்திகை. காவடிக் கூட்டம் ஏரிக்கரை வரை நின்றது. துரைக்கண்ணுவும் இன்னொருவனும் படகில், நான் கரையில். பதினொரு மணிக்கு மதகுப் படியில் கால் கழுவ இறங்கிய ஒரு பெண் வழுக்கி ஆழத்தில் விழுந்தாள். படகு உடனே போய்விட்டது. இவ்வளவு சீக்கிரம் துறைமுகத்தில்கூடப் போனதில்லை. துரைக்கண்ணு குதித்தான், பின்னால் போனான், தலைக்குக் கையை நீட்டினான்.

மொட்டை. அப்போதுதான் முடி இறக்கியிருக்கிறாள். தலை முழுக்கச் சந்தனம். கை வழுக்கிப் போச்சு. மறுபடி அதே இடத்துக்குத்தான் கையைக் கொண்டுபோனான். மறுபடி வழுக்கிச்சு. மூணாவது தடவை அவ அங்க இல்லை.

ஒரு மணிக்கு எடுத்தோம். பெயர் குப்பம்மாள். பள்ளிப்பட்டில் தறி நெய்கிறவர்கள்.

3-2-1944
மூன்று மாதமாக இந்த ஊரில் இருக்கிறேன். தினம் நூறு மொட்டைத் தலை என் ஜன்னலைத் தாண்டிப் போகிறது. டீ குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். முட்டாள். முட்டாள்.

5-2-1944
துரைக்கண்ணுவை சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். ஓவர்சியர் இரண்டு காகிதங்களை மேஜைமேல் வைத்தார். ஒன்று, கற்றுக்கொடுத்தபடி செய்யாமல் லஸ்கர் பயத்தில் கைவிட்டான் என்ற அறிக்கை. அதில் என் கையெழுத்து வேண்டும். மற்றது என்னை விடுவிக்கும் உத்தரவு.

"எதுக்கு யோசிக்கிறீங்க? அவனுக்கு நிலம் கீது, பொழைச்சிக்குவான். உங்க வீட்டம்மா மாசமா இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. போட்டுட்டு சாயந்தர வண்டிக்குக் கிளம்புங்க."

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். எதற்கு? உண்மை என்னவென்று தெரியாமலா? பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். அதுதான் நான்.

6-2-1944
துரைக்கண்ணு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நீங்க சொன்னா மாதிரிதான் சார் புடிச்சேன். எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்க, அடுத்த தபா பண்ண மாட்டேன்."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கிறான். தலை வலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

7-2-1944
காலையில் ஆபீஸ் வாசலில் குப்பம்மாளின் புருஷன் கிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தான். வாக்குமூலம் கொடுக்க வந்தவன். அவனும் மொட்டை. பையனுக்கு அம்மை இறங்கியதற்காக இருவரும் வேண்டிக்கொண்டார்களாம். படகுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நான்தான் என்று யாரோ காட்டியிருக்கிறார்கள்.

"ஒரே ஒரு சங்கதி கேக்கணுங்க. அவ ரெண்டு கையும் தூக்கிகினுதானே இருந்தா. நான் கரையிலேந்து பாத்தேன். கையைப் புடிச்சிருக்கலாமே, ஏன் புடிக்கல?"

கோபமே இல்லை குரலில். தெரிந்துகொள்ள வேண்டும் அவ்வளவுதான். வீட்டுக்குப் போனால் பையன் கேட்பான் அல்லவா.

கையைக் கொடுக்காதே என்று சொன்னவன் நான்தானய்யா என்றேன். அவனிடம் சொன்னதை ஓவர்சியரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் அறிக்கையில் நான் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளைக் காகிதம் வாங்கி என் கையாலேயே எழுதினேன்: துரைக்கண்ணு பாடத்தில் ஒரு எழுத்துகூட மீறவில்லை. பாடம் தப்பு. இந்த ஊருக்கு அது ஆகாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

பரந்தாமன் படித்துவிட்டு என்னை விடுவிக்கும் அந்தக் காகிதத்தை எடுத்து மடித்து இழுப்பறையில் போட்டார். "ஆடி வரைக்கும் இங்கயே கெடங்க" என்றார்.

9-2-1944
பெட்டியை அவிழ்த்தேன். காஞ்சனாவுக்கு நாலு வரி எழுதி மூன்று தடவை கிழித்தேன்.

27-2-1944
துரைக்கண்ணுவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஏரிக்கு வருகிறான், தண்ணீரில் இறங்குவதில்லை. கரையில் நின்று தன் கையையே பார்க்கிறான். அதட்டிப் பார்த்தேன். பலனில்லை.

5-3-1944
தந்தி. பெண் குழந்தை. இருவரும் நலம். மூன்று நாள் லீவு கேட்டேன். இல்லை என்றார்கள்.

12-3-1944
குழந்தைக்கு எட்டு நாள். மூக்கு யார் மாதிரி என்றுகூடத் தெரியாது.

காலையில் மலையடிவாரத்தில் போய் மொட்டை அடித்துக்கொண்டேன். "வேண்டுதலுங்களா?" என்றார் நாவிதர். ஆங் என்றேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துப் பூசிக்கொண்டு நேரே ஏரிக்குப் போனேன். துரைக்கண்ணு என் தலையைப் பார்த்தான். நான் மதகுப் பக்கம் ஆழத்தில் குதித்துக் கையைக் காலை அடித்தேன்.

வெகுநேரம் அவன் வரவில்லை. மெய்யாகவே தண்ணீர் குடித்தேன். பிறகு குதித்தான். பழக்கதோஷம், கை தலைக்குத்தான் வந்தது, வழுக்கியது. "அக்குள்" என்று கத்தினேன். மறுபடி தலை. மறுபடி வழுக்கல். அவன் அழுதுகொண்டே நீந்தினான். நானும்தான், தண்ணீரில் யாருக்குத் தெரியும். பதினோராவது தடவை கை தலைப்பக்கம் போகவேயில்லை. நேரே இரண்டு அக்குளிலும் வந்து இறுகப் பிடித்தது. கரை வரைக்கும் விடவில்லை.

நாளைக்கு மற்ற ஏழு பேர்.