செவிடாக நடித்த இரு பெண்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் ஒரு கன்னடப் பாட்டு நாடகம் பார்க்கப் போயிருந்தேன். தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, என் முழங்கை பக்கத்து இருக்கையை இடித்தது. அங்கே யாரோ ஒரு பெரியவர் இருந்தார். உன்னை இடிப்பதாக நினைத்துத்தான் இடித்தேன். மேடையில் ஒரு மருமகள் காது கேட்காதவள்போல நடித்துக்கொண்டிருந்தாள். வீட்டார் எல்லா ரகசியத்தையும் அவள் எதிரிலேயே பேசினார்கள். கடைசிக் காட்சியில் கேட்டதையெல்லாம் அவள் பாட்டாகப் பாடிவிட்டாள்.

முடிந்ததும் நாடகத்தை எழுதிய பெண்ணைத் தேடிப் போய், இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"ஆனேக்கல் பக்கம் எங்க சித்தி ஒருத்தங்க இப்பிடித்தான் இருந்தாங்க மேடம். ஏன், வேற எங்கியாவது பாத்தீங்களா?"

"ரெண்டு தடவ பாத்திருக்கேன்" என்றேன். அதில் ஒன்று நான் எழுதியது என்று சொல்ல வாய் வரவில்லை.

உனக்கு நினைவிருக்கும். நம் கம்பெனியில் நான் வயரிங் லைன், நீ இன்ஸ்பெக்‌ஷன் லைன். மகளிர் தினத்துக்கு லைனுக்கு ஒரு நாடகம் போடச் சொன்னார்கள். நான் ஒரு ராணியை எழுதினேன். பகை அரசனின் அரண்மனையில் செவிட்டுப் பணிப்பெண்ணாக நடித்து, கடைசியில் அவன் சதியைச் சபையில் பாடுகிறவள். ஜிகினாத் தாள் ஒட்டிய கிரீடமெல்லாம் செய்தோம். உன் நாடகம் முதலில் வந்தது. ரோஜாப் பண்ணையில் பூ வெட்டும் பெண், மேஸ்திரி முன்னால் செவிடாக நடிக்கிறாள். கடைசிப் பாட்டில் அரங்கமே எழுந்து நின்றது. அடுத்து என் ராணி வந்தாள். பாதியில் யாரோ, "இன்னொரு செவிடியா? இப்பத்தான பாத்தோம்" என்றார்கள். சிரிப்பு அடங்கவே இல்லை.

மறுநாள் எச்.ஆரிடம் போய், என் நோட்டைப் பார்த்து நீ எழுதிவிட்டாய் என்று சொன்னேன். உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வெளியே வந்து என்னிடம் ஒன்றுதான் சொன்னாய்: "உன் நோட்ட நான் தொட்டதே இல்ல ஷமீம்."

அன்று சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் மேசையைத் துடைக்க அந்த அக்கா வந்தார். அவரைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் அவரைச் செவிடு என்றே நினைத்திருந்தோம். ஒருநாள் ஒரு சூப்பர்வைசர் அவர் எதிரிலேயே ஏதோ கேவலமாகப் பேச, "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது சார்" என்றாரே. நாம் இருவரும் அன்று ஒரே மேசையில் இருந்தோம். இரண்டு கதையும் அங்கிருந்து வந்தவைதான். தெரிந்தும் நான் எச்.ஆரிடம் திரும்பப் போகவில்லை. கிருஷ்ணகிரியில் நடந்த கம்பெனிகளுக்கான போட்டிக்கு உன்னுடையதை விட்டுவிட்டு என் நாடகத்தை அனுப்பினார்கள்.

அங்கே ராணியாக நானே பாடிய கடைசிப் பாட்டு உன் மெட்டு. வார்த்தைகளை மட்டும் மாற்றியிருந்தேன். பரிசு கிடைத்தது. லீவு போட்டுவிட்டு நீயும் வந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். பிறகு மேடைக்குப் பின்னால் வந்தாய். சண்டைக்கு வருகிறாய் என்று நினைத்தேன்.

"மூணாவது அடில அவசரப்பட்டுட்ட. அங்க கொஞ்சம் நிறுத்தணும்" என்றாய்.

அவ்வளவுதான். நீ திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒரு மெட்டு போனால் என்ன என்று விட்டுக்கொடுக்கிற அளவுக்கு உன்னிடம் மெட்டுகள் இருந்தன. எனக்கு வயிறு எரிந்தது அதைப் பார்த்துத்தான்.

அதற்குப் பிறகு நீ நாடகம் எழுதவே இல்லை. ஒருமுறை காரணம் கேட்டேன். "லைன்ல ஆள் கொறச்சுட்டாங்க, எங்க நேரம்?" என்றாய். நான் அதை நம்ப விரும்பினேன். உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்தேன். "புதுசா என்ன எழுதுற?" என்று கேட்டாய். எழுதிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். முடிவை மாற்றச் சொன்னாய். நீ சொன்னது சரி. அந்த எரிச்சலில் சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். பத்து நாளில் உன் ஊர் உத்தனப்பள்ளிக்கு உன்னை எடுத்துவந்துவிட்டார்கள்.

சாவு வீட்டில் உன் லைன் பெண்கள் அந்த ரோஜாப் பண்ணைப் பாட்டைப் பாடினார்கள். ஒருத்திக்கும் ஒரு வார்த்தை மறக்கவில்லை. பரிசு வாங்கிய என் பாட்டில் ஒரு வரிகூட எனக்கே நினைவில்லை. உன் கால்மாட்டில் நின்றுகொண்டு நான் உன்மேல் பொறாமைப்பட்டேன்.

அங்கேயே அவர்களிடம் சொன்னேன். "அவ என் நோட்டப் பாக்கல. கிருஷ்ணகிரில நான் பாடுனது அவ மெட்டுதான்."

உன்னோடு வேலை பார்த்த மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கே எங்களுக்குத் தெரியும்க்கா. யாரும் உங்கள ஒரு வார்த்த கேக்கக் கூடாதுன்னு அவதான் சத்தியம் வாங்கிட்டா."

அழுகை வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. அதிலும் நீயே ஜெயித்துவிட்டாய்.

இந்த வருடமும் ஒரு நாடகம் எழுதுகிறேன். ஒவ்வொரு காட்சி முடிந்ததும், இதை நீ எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உன்னுடையது என்னுடையதைவிட நன்றாகத்தான் இருக்கிறது. என்னுடையதை அடித்துவிட்டு மறுபடியும் எழுதுகிறேன்.