ஏப்ரல் மட்டும் பொறுக்கேலாது

இரணைமடு
12.1.61

என்ர பிள்ளையின்ர தாய்க்கு,

பென்சன் காசை மொத்தமாய் எடுக்கக் கையெழுத்து வைச்சிட்டன். மொத்தமாய் எடுத்தால் மாதப் பென்சன் குறையும், எடுக்கிறதெண்டாலும் ஏப்ரல் மட்டும் பொறுத்தால் வரி மிச்சம் எண்டு கந்தோர்ப் பெரிய கிளாக்கர் சொன்னார். "நூறு வயது மட்டும் இருந்து வாங்குவீங்கள்" எண்டு சிரிச்சார். நானும் சிரிச்சன்.

வரி போனால் போகட்டும்.

எங்கட பிள்ளை செசீலியின்ர கலியாணத்தை ஏப்ரலில வாற பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு வைப்பம் எண்டு எழுதியிருந்தாய். ஏலாது. தவக்காலம் தொடங்கினால் கோயிலில கலியாணம் வைக்கமாட்டினம். அதால விபூதிப் புதனுக்கு முந்தியே முடிக்கவேணும். காசு மாதக் கடைசியில கைக்கு வரும். இண்டைக்கே போய்ச் சுவாமியாரோட கதை. மாப்பிள்ளை வீட்டார் என்ன அவசரம் எண்டு கேட்டால், என்ர மனுசனுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு சொல்லு.

வவுனியா ஆஸ்பத்திரியில என்ன சொன்னவை எண்டு கேட்டிருந்தாய். டொக்டர் நல்ல மனுசன். கனக்கக் கதைக்கேல்லை.

என்ர வெள்ளைக் கோட்டைத் தையல்காரனிட்டைக் குடுத்துப் பிடிச்சுத் தைக்கச் சொல்லு. பழைய அளவு இப்ப சரிவராது. கலியாணம் முடிய அதைத் தோய்ச்சு, அலுமாரியில முன்னுக்கு வை. பிறகு வீடு நிறைய ஆக்கள் வந்து நிக்கிற நேரம் நீ அதைத் தேடி அலையக்கூடாது.

உன்னைக் கேளாமல் கையெழுத்து வைச்ச,
உன்ர மனுசன்