தேதி கேட்காத மனிதர்

மார்ச் 3

என் ராங்கிக்கு,

நலமாக இருப்பாய். இல்லாவிட்டாலும் ஒப்புக்கொள்ளவா போகிறாய்? நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம்.

போன வாரம் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். விசாரிக்கிறவர்களை ஆர்டர் கொடுக்க வைப்பது எப்படி என்று நாள் முழுக்கச் சொன்னார்கள். நம் பேக்கரிக்கென்றே நடத்திய மாதிரி இருந்தது. போனில் பேசும்போது சிரிக்க வேண்டுமாம். எதிர்முனையில் இருப்பவருக்கு அது கேட்குமாம். நீயோ "கேக்கா? என்னைக்கு?" என்று போலீஸ் மாதிரி ஆரம்பிப்பாய். கொஞ்சம் இதமாகப் பேசிப் பார்.

நானும் அங்கே வந்துவிட்டால் தேவலை என்று சில நாளாக ஒரு நினைப்பு. என்ன சொல்கிறாய்?

உன் அன்புக் கணவன்

மார்ச் 9

மரியாதைக்குரிய கணவர் அவர்களுக்கு,

கடிதம் படித்துச் சிரித்தேன். அங்கே கேட்டதா?

இதமாகப் பேசுவதற்கு நீங்கள் எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள்! அந்தக் கல்யாண கேக் அம்மாவிடம் ஒன்றேகால் மணி நேரம் இதமாகப் பேசினீர்களே. அவருக்கு முட்டிவலி, மருமகளுக்கு சாக்லேட் ஆகாது, சம்பந்தி வீட்டார் எதிலும் குறை கண்டுபிடிப்பவர்கள் என்று சகலமும் தெரிந்துகொண்டீர்கள். கல்யாணம் என்றைக்கு என்று மட்டும் கேட்கவில்லை. "நம்ம வீட்டுக் கல்யாணம்மா, ஜமாய்ச்சிடலாம்" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். ஆர்டர் கொடுத்தாயிற்று என்று அவர் நினைத்தார். மறுபடி கூப்பிடுவார் என்று நீங்கள் நினைத்தீர்கள்.

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. "கேக் எங்கம்மா?" என்று கேட்டவரின் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் மாவு மூட்டைக்குப் பின்னால் நின்றீர்கள். மத்தியானம் "ரெண்டு நாள் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றீர்கள். எட்டு மாதம் ஆகிறது. உங்கள் கணக்கில் இன்னும் இரண்டு நாள் ஆகவில்லையோ?

இப்போது போனை நான்தான் எடுக்கிறேன். நாலே கேள்வி. என்றைக்கு, எத்தனை பேருக்கு, எடுக்க வருவது யார், உறுதியா? சொன்ன கெடுவுக்குள் நாலுக்கும் பதில் வந்தால் ஆர்டர் என்று கரும்பலகையில் எழுதுவேன். வராவிட்டால் வெறும் விசாரிப்பு. "வெடுக்குனு பேசுறீங்களே" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அதன் பிறகு ஒரு வேனும் வெறுமனே திரும்பவில்லை.

வருவதைப் பற்றி "ஒரு நினைப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஓவனைப் பற்றவைக்கவா, வேண்டாமா? நீங்கள் இல்லாமல் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மறைக்க எனக்கென்ன வெட்கம்? ஆகவே உங்களுக்கும் நாலு கேள்வி. என்றைக்கு வருகிறீர்கள்? எத்தனை நாளுக்கு? நீங்களாக வருவீர்களா, நான் வந்து அழைத்து வரவேண்டுமா? உறுதியா?

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி வரை காத்திருப்பேன்.

இன்றுவரை உங்கள் மனைவி

மார்ச் 17

என் ராங்கிக்கு,

அப்பப்பா, என்ன கோபம்! அந்த அம்மா கதையை இன்னுமா தூக்கிச் சுமக்கிறாய்? பாவம், நன்றாகப் பேசினார்.

உன் கேள்விகள் பிரமாதம். கடைசியை மட்டும் மாற்று. "உறுதியா?" என்றால் ஆள் மிரண்டுபோவார். "உங்களுக்கு எப்போது சௌகரியம்?" என்று கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள்.

வராமல் இருப்பேனா? அண்ணன் வீட்டு மாடி வேலை இழுத்துக்கொண்டிருக்கிறது. அது முடியட்டும், எல்லாம் கூடிவரட்டும். நம்ம வீடுதானே, ஜமாய்ச்சிடலாம்.

உன் அன்புக் கணவன்

மார்ச் 21

ஐயா,

கடிதம் நேற்று மத்தியானமே வந்துவிட்டது. எங்காவது ஒரு தேதி தட்டுப்படாதா என்று நாலு முறை படித்தேன். "எங்க வீட்டுக்காரர் வர்றார்" என்று பக்கத்துத் தையல்கடை அக்காவிடம் வேறு சொல்லியிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு இருக்கலாம் என்று அன்றைக்கு ஆர்டர் எதுவும் எடுக்காமல் வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் ஆறு மணிவரை பலகையில் அந்த இடம் காலியாக இருந்தது.

ஆறேகாலுக்கு ஒருவர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை, நாற்பது பேருக்கு, அவரே வந்து எடுத்துக்கொள்கிறார், உறுதி. ஒரே மூச்சில் சொன்னார். எழுதிவிட்டேன்.

விசாரித்ததற்கு நன்றி.

இப்படிக்கு,
பேக்கரிக்காரி