நீ நின்ற இடத்தில் சுவர்

அன்புள்ள என் வாலுப் பெண்ணுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, என்னோடு பேச்சுத்தான் இல்லை, நான்கு நாளாகிறது. காரணத்தை எழுதவே கூசுகிறது.

பெரியப்பா தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். போன வாரம் நம் ஸ்டுடியோவுக்கு வந்து, மூன்று வருடத்துக்கு முன் நாம் எல்லோரும் நின்று எடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார். புருஷனை விட்டு வந்தவள் அதில் இருந்தால் வருகிறவர்கள் நூறு கேள்வி கேட்பார்களாம், அதனால் உன்னை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம். குடும்ப மானம், பெரியவர்கள் வைத்த வழக்கம் என்று பழைய பாட்டை வேறு பாடினார். நானும் மாடு மாதிரி தலையாட்டினேன். இருபதே நிமிடம், கம்ப்யூட்டரில் நீ நின்ற இடத்தில் சுவரை நிரப்பினேன், உன் தோளில் கிடந்த அம்மாவின் கையை நாற்காலி முதுகுக்கு மாற்றினேன். பிசிறு தெரியவில்லை என்று எனக்கே பெருமை, தூ. சாப்பாடு கொண்டு வந்த அம்மா திரையைப் பார்த்தாள். "என் கை எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நீ விட்டுப்போன இருத்தலியல் தத்துவப் புத்தகத்தை அன்று மதியம்தான் புரட்டினேன். வழிவழியாக வந்ததைக் கேள்வி கேட்க ஒரு புத்தகமா என்று உன்னைக் கிண்டல் செய்தவன் நான். பாதி தலைக்கு மேல் போயிற்று. ஒன்று மட்டும் மண்டையில் ஏறியது, வழக்கம் என்று சொல்வது சாக்கு, அதற்குக் கீழ்ப்படிவதும் நாமே எடுக்கிற முடிவுதான். வழக்கத்தை வைத்த உன் தாத்தா செத்து எத்தனையோ வருடமாயிற்று, பெரியப்பா மவுஸைத் தொடவே இல்லை, பிடித்தது என் கை. இந்தத் தத்துவம் மனிதனைத் திருத்துமா என்று முன்பு கேட்டாயே, தெரியாது. நம் மேல் அடிக்கிற நாற்றத்தை நம் மூக்குக்குக் காட்டுகிறது. அறுபது வருடமாக அதை நம் வீட்டு வாசனை என்றே நினைத்திருந்தேன்.

முழுப் படம் வேண்டுமானால் தருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். கண்டதைப் படித்துப் புத்தி கெட்டுவிட்டதாம் எனக்கு, வேறு கடையில் பார்த்துக்கொள்வாராம். பார்த்துக்கொள்ளட்டும்.

யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று இரண்டு படங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றில் உன் தடயமே இருக்காது, அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. மழைக்கு முன் உன் அறை ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிசெய்துகொள். இன்னொன்று, அப்பா ஆயிற்றே என்று வழக்கத்துக்காக என்னை மன்னித்துவிடாதே.

இப்படிக்கு,
அப்பா