வெட்டாத கல்யாணங்கள்

பாவா,

இன்று காலை அந்தக் கறுப்புப் பெட்டியை மேசைக்கு இழுத்துவந்து, செத்துப்போன ஹார்டு டிஸ்க்கை உருவி எடுத்தேன். உள்ளேயிருந்து சந்தன வாசனை வந்தது. கடைச் சந்தனம் இல்லை, மலைக் கோயில் சந்தனம். சூடான பிளாஸ்டிக் வாசனையும் அதோடு கலந்து, உங்கள் சின்ன அறை முழுக்க ஒரு நொடியில் திரும்பி வந்துவிட்டது. மூக்கை ஓட்டையில் வைத்து முகர்ந்துகொண்டே நின்றேன். யாராவது பார்த்திருந்தால் இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

டிபன் கேரியர் உயரம்கூட இல்லாத பெட்டி. ஆனால் அதற்குள் இரண்டு டிஸ்க், ஒன்றில் எழுதுவதெல்லாம் இன்னொன்றிலும் தானாகப் பதியும், ஒன்று படுத்தால் மற்றது தாங்கும் என்று நீங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கியிருக்கிறீர்கள். கியாஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட நீங்கள் விட்டதில்லை. திருத்தணி மலையில் நீங்கள் வீடியோ எடுத்த கல்யாணம் அத்தனையும் அதற்குள்தான் இருக்கிறது.

அந்த இரண்டு டிஸ்க்கை வாங்கின கூத்து நினைவிருக்கிறதா? ஒன்றை சென்னையில் வாங்கினீர்கள். கடைக்காரர் இரண்டாவதுக்கு விலை குறைத்துத் தருகிறேன் என்று கெஞ்சியும் கேட்காமல், மறுநாள் திருப்பதி பஸ் ஏறி அங்கே ஒன்று வாங்கினீர்கள். ஏன் இந்த வீண் அலைச்சல் என்று கேட்டேன். “ஒரே கடையில ஒண்ணா வாங்குனா ரெண்டும் ஒரே பெட்டியில பொறந்ததா இருக்கும். படுத்தா ஒண்ணாவே படுத்துக்கும்” என்றீர்கள். அன்றிலிருந்து நான் ஒன்றுக்கு சென்னைக்காரி, இன்னொன்றுக்குத் திருப்பதிக்காரி என்று பேர் வைத்தேன். “உங்க சென்னைக்காரி இன்னைக்கு ரொம்ப கத்துறா” என்று நான் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு தாங்காது.

அத்தை மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே பாவா என்று கூப்பிட்டவள், தாலி கட்டின பிறகும் மாற்றவில்லை. பாதி தெலுங்கு, பாதி தமிழ் பேசும் நம் வீட்டில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவும் இல்லை. இப்போது எழுதும்போதும் அதுதான் வருகிறது.

பெட்டியில் இரண்டு போதாதென்று மூன்றாவதாக ஒரு சின்ன டிஸ்க், பொதட்டூர்பேட்டையில் உங்கள் அக்கா வீட்டில். லுங்கித் துணியில் சுற்றிச் சமையலறைப் பரண்மேல் கிடக்கும். வீடு எரிந்தாலும், திருடன் வந்தாலும், அது ஒன்று ஊர் தள்ளித் தப்பிக்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. “மூணும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது” என்று அத்தனை கறாராகச் சொன்ன மனுஷன், முதல் வருட ஆயுத பூஜைக்கு என்ன செய்தீர்கள்? காலையிலேயே பஸ்ஸில் போய் அதையும் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். கேமரா, ஸ்டாண்டு, லைட்டு, பெட்டி, பொதட்டூர்பேட்டை டிஸ்க், எல்லாம் வாழை இலைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தன. ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்றீர்களே என்று நான் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அது மட்டும் பூஜைக்கு வராமல் தனியாகக் கிடந்தால் பாவம் இல்லையா என்றீர்கள்.

சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்துவிட்டீர்கள். ஓடுகிற பெட்டியை அணைக்கவும் மனசு வரவில்லை. பின்பக்கம் பொட்டு வைக்கப் போய், வழிந்த சந்தனத்தை விசிறி உள்ளே இழுத்துக்கொண்டது. கிர்ரென்று ஒரு சத்தம், அதோடு பெட்டியின் விளக்கெல்லாம் அணைந்தது. கற்பூரத் தட்டை நான் ஏந்தி நிற்க, நீங்கள் ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். நல்லவேளை, விசிறியோடு போயிற்று. அடுத்த வருடத்திலிருந்து அந்த மூன்றாவதுக்குப் பூஜை பொதட்டூர்பேட்டையிலேயே நடந்தது. வீட்டுத் தறிக்கு வைக்கிற கையோடு அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவதாக அக்கா ஒப்புக்கொண்டார்கள்.

கல்யாணமான புதிதில் உங்களுக்கு லைட் பிடித்தவள் நான்தான். முகூர்த்த நாளில் மலை மேல் ஒரு மண்டபத்திலிருந்து இன்னொரு மண்டபத்துக்கு, பின்னால் ஒயர் இழுபட, உங்கள் தோளைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். எல்லாக் கல்யாணப் பொண்ணுகளுக்கும் ஒரே மஞ்சள் வெளிச்சம். நாதஸ்வரம் எந்த மண்டபத்துடையது என்று தெரியாது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள் குறுக்கே ஓடும். நமக்குப் பொண்ணு பிறந்தாள், நான் வீட்டோடு நின்றேன். பிறகு கேமராவின் தலையிலேயே லைட் வந்துவிட்டது, பிடிக்க ஆளே தேவைப்படவில்லை.

நமக்குள் நடந்த ஒரே பெரிய சண்டை அந்த வெட்டாத படங்களைப் பற்றித்தான். கல்யாண வீட்டுக்காரருக்கு வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, அழகாகக் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் எடுத்தது எடுத்தபடி இருக்கிற மூலத்தை எதற்கு வைத்திருக்க வேண்டும்? பழைய கேசட்டுகளைக்கூட ஒவ்வொன்றாக டிஸ்க்கில் ஏற்றினீர்கள். இடத்தை அடைப்பதே அதுதான். வெட்டினது ஒரு பங்கு என்றால் வெட்டாதது பத்துப் பங்கு. டிஸ்க்கின் கொள்ளளவு இரண்டு டி.பி. போதாமல் நாலு, நாலு போதாமல் எட்டு. அழியுங்கள் அழியுங்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். காதில் வாங்கினால்தானே!

மணவூரிலிருந்து ஒரு பெண் வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா தவறிப்போய்விட்டார், என் கல்யாண வீடியோவில் அவர் முதுகுதான் தெரிகிறது என்று வாசலில் நின்று அழுதாள். ஒரு பகல் முழுக்க வெட்டாததில் தேடினீர்கள். கடைசியில் மண்டபத்தின் பின்கட்டில் அந்த மனுஷன் கரண்டியிலிருந்தே பாயசம் ருசி பார்த்து, சமையல்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கிடைத்தது. அவள் போன பிறகு நீங்கள் சொன்னீர்கள்: “எடிட்டுல கல்யாணம் இருக்கும். மனுஷங்க இதுலதான் இருக்காங்க.” அந்த மனுஷர்களுக்காக இன்னும் எத்தனை டி.பி. வாங்குவது என்று கேட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போனேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போய், வருகிற ஆடிக் கிருத்திகையோடு இரண்டு வருடம். போன மாதம் சென்னைக்காரி டிக் டிக் என்றாள். இரண்டு நாளில் சிவப்பு விளக்கு. பெங்களூரில் இருக்கும் நம் பொண்ணுக்கு போன் போட்டேன். அவள் வேலையே கம்ப்யூட்டரில்தானே. வெட்டினது எல்லாம் அத்தை வீட்டு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, சின்னதாக ஒன்று வாங்கி அதை இன்னொரு காப்பி எடுத்தால் போதும், வெட்டாததை வைத்துக்கொண்டு என்னம்மா பண்ணப் போகிறாய் என்றாள். அக்கா வீட்டு டிஸ்க் சின்னது, வெட்டாதது அதில் ஏறவே இல்லை. அது இருப்பது பெட்டியில் மட்டும்தான், இப்போது திருப்பதிக்காரி ஒருத்தியிடம் மட்டும். போனால் போகட்டும் என்று எனக்கும் தோன்றியது. இத்தனை வருடம் நான் சொன்னதும் அதுதானே.

ஆனால் உங்கள் பழக்கம் ஒன்று எனக்கும் தொற்றியிருக்கிறது. “தொறந்து பாக்காத காப்பி காப்பியே இல்ல” என்பீர்கள். ஒவ்வொரு தடவையும் காப்பி முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தொட்டு, ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பீர்கள். அழிவதற்கு விடுவதையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாமே என்று உட்கார்ந்தேன். முதலில் வெட்டின படம் ஒன்று. பூ தூவி எழுத்து வந்தது, நாதஸ்வரம் வந்தது, பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அதே கல்யாணத்தின் வெட்டாததைத் தொட்டேன்.

“அண்ணே, கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக்கோங்க. மாலைய நேரா போடும்மா. ஆங், அப்டித்தான். சிரிச்சாப்ல இரு.”

பாவா, உங்கள் குரல்!

வாய்விட்டு அழுதேன். இத்தனை கல்யாணம் எடுத்த மனுஷனுக்குச் சொந்தமாக ஒரு நல்ல படம் கிடையாது. நீங்கள் போன அன்று சுவரில் மாட்ட ரேஷன் கார்டு போட்டோவைத்தான் பெரிதாக்கினோம். கேமராவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டீர்கள். வெட்டும்போது உங்கள் குரலையும் எடுத்துவிடுவீர்கள். அவர்கள் கல்யாணத்தில் நம் குரல் என்னத்துக்கு என்பீர்கள். ஆகவே நீங்கள் மிச்சம் இருப்பது வெட்டாததில் மட்டும். அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிற ஒரே ஒரு பழைய டிஸ்க்கில். அது நின்றால் உங்கள் குரல் இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை.

பொண்ணுக்கு மறுபடி போன் போட்டேன். உங்கள் குரலை ஓடவிட்டு, போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் பிடித்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எத்தன டி.பி. வேணும்மா?” என்று கேட்டாள்.

இரண்டு பெரிய டிஸ்க் என்றேன். ஒன்று பெட்டிக்கு, ஒன்று பொதட்டூர்பேட்டைக்கு, இந்தத் தடவை வெட்டாததும் சேர்த்து. ஒன்றை அவள் பெங்களூரில் வாங்கி, போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். இன்னொன்றுக்கு நானே திருப்பதி பஸ் ஏறினேன். சிசிடிவிக்கா அம்மா என்று கடைக்காரர் தெலுங்கில் கேட்டார். இல்லை, ராப்பகல் நிற்காமல் ஓடுகிற பெட்டிக்கென்று தனியாக இருக்குமே, அதைக் கொடுங்கள், பரண்மேல் கிடந்தாலும் அவசரத்துக்குப் பெட்டிக்கும் ஆகும் என்றேன். உங்களோடு சண்டை போட்டே நான் கற்றுக்கொண்டது எத்தனை பாருங்கள். பழைய டிஸ்க்கை நிற்கும்வரை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், சீக்கிரம் காப்பி எடுத்துவிடுங்கள் என்று அவரும் சொல்லி அனுப்பினார்.

நான் எங்கே கேட்டேன்! இந்தப் பத்துப் பதினைந்து நாளாக மத்தியானம் சாப்பிட்டானதும் உங்கள் அறையில் பாயைப் போட்டுப் படுத்து, யார் யாருடைய கல்யாணத்தையோ ஓடவிடுகிறேன். படத்தைப் பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொள்கிறேன். மேளம் கேட்கும், யாரோ பந்திக்குக் கூப்பிடுவார்கள், ஒரு பொண்ணு அழுவாள். நடுவில் நீங்கள் இருமுவீர்கள். பாதித் தூக்கத்தில் ஒரு கல்யாணம் இன்னொன்றுக்குள் போய்விடுகிறது. கனகம்மாசத்திரத்து மாப்பிள்ளை மணவூர்ப் பொண்ணுக்குத் தாலி கட்டுகிறான், எல்லாருக்கும் நடுவில் நீங்கள் கேமராவோடு நடந்துகொண்டே இருக்கிறீர்கள். மேகம் இறங்கி மண்டபத்துக்குள் வருகிறது. அதில் நனைந்துகொண்டே நானும் பின்னால் வருகிறேன். கண் விழித்தால் வெயில் சாய்ந்திருக்கும், பால் வாங்கப் போக வேண்டும்.

இன்று காலை பெங்களூர் டிஸ்க்கைப் பெட்டியில் போட்டேன். திருப்பதிக்காரி தன்னிடம் உள்ளதையெல்லாம் புதியவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். நாளை வரை ஆகும் என்று திரை சொல்கிறது. பழைய டிஸ்க் போவதென்றால் இந்த வேலையின் நடுவில்தான் போகும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே இன்று பாட்டும் இல்லை, கல்யாணமும் இல்லை. மத்தியானம் கரண்டு போயிற்று. யு.பி.எஸ். பீப் பீப் என்று கத்த, பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, அந்தத் தைரியத்தில்தான் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நேற்றுதான் கண்டுபிடித்தேன். நான் லைட் பிடித்த நாளில் கடைசிப் பந்தி முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “போலாமா?” என்பீர்கள். நான் லைட்டை இறக்குவேன், நீங்கள் பட்டனை அமுக்குவீர்கள். பழைய படங்களின் முடிவில் அது இருக்கிறது, நான் ஆங் என்பதும் கேட்கிறது. ஆனால் பாவா, நான் வராமல் நின்ற பிறகு எடுத்ததிலும் இருக்கிறது. பொண்ணு பள்ளிக்கூடம் போன காலத்தில் எடுத்ததில், அவள் காலேஜ் போன பிறகு எடுத்ததில், கடைசிக் கல்யாணத்தில்கூட. நான் இங்கே வீட்டில் குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருந்திருப்பேன். அங்கே மலை மேல் காலி நாற்காலிகளின்மேல் கேமராவை நிறுத்திவிட்டு, பக்கத்தில் யாருமே இல்லாமல், மெதுவாக “போலாமா?” என்கிறீர்கள். ஒரு நொடி நிற்கிறீர்கள். அப்புறம்தான் பட்டன்.

வீட்டுக்கு வந்து ஒரு நாளும் இதைச் சொன்னதில்லையே பாவா நீங்கள். அத்தனை தடவை கேட்டதற்கும் சேர்த்து ஒரே பதில்தான் என்னிடம் இருக்கிறது. நீங்க முன்னாடி நடங்க பாவா. இந்தக் காப்பி முடியட்டும், நான் வர்றேன்.