வந்து வந்து மறைந்த மஞ்சள் விளக்கு

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். தலை நரைக்கத் தொடங்கியவனைக் குட்டி என்று கூப்பிடுவதைப் பார்த்து மருமகள் சிரிப்பாள், சிரிக்கட்டும். நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன், முழங்கால் மட்டும் படியேறும்போது கொஞ்சம் முனகும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. பாப்பாவுக்குப் பல் விழுந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, புதுப் பல் எட்டிப் பார்க்கிறதா என்று தேடினேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ நடந்துகொண்டே பேசுகிறாய், நான் விஷயத்தின் பாதிக்கு வருவதற்குள் லிஃப்டுக்குள் போய்விடுகிறாய். இது கொஞ்சம் நீளமான சங்கதி, உட்கார்ந்து படி.

வண்டியைப் பற்றித்தான். அப்பா ஆசைப்பட்டு வாங்கிய எலெக்ட்ரிக் கார், அவர் ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம், உனக்குத் தெரியும். அதில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது என்று சொன்னேன் அல்லவா, எரியும், கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். போட்டோ எடுத்து அனுப்பும்மா என்றாய். ஸ்டியரிங்கைப் பிடிப்பேனா, போனைத் தேடுவேனா, கண்ணாடியைப் போட்டுக்கொள்வேனா, அதற்குள் அது போயே போய்விடும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே கணினியை மாட்டிப் பார்த்த தம்பி, "சிஸ்டத்துல ஒண்ணுமே காட்டலையே மேடம், வெயில் பட்டு வேற ஏதாவது அப்படித் தெரிஞ்சிருக்கும்" என்றான். மறுபடி போனபோது ஒரு நாள் முழுக்க வைத்திருந்து நன்றாகக் கழுவித் தந்தார்கள். எங்கே போகும்போது வருது என்று அந்தத் தம்பி கேட்கத்தான் கேட்டான். நான்தான் அங்கங்கே வரும் என்று மழுப்பிவிட்டேன், அதற்குக் காரணம் இருந்தது, சொல்கிறேன்.

அன்றைக்கு உன்னிடம் சொன்னபோது, வித்துடும்மா, டாக்சி வெச்சுக்கோ என்றாய். சரி என்று சொல்லி முடித்தோம். ஆனால் நீ போனை அணைக்க மறந்துவிட்டாய் குட்டி. "அம்மாவுக்கு இல்லாததெல்லாம் தெரிய ஆரம்பிச்சிடுச்சோன்னு பயமா இருக்கு" என்று நீ மருமகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கோபித்துக்கொண்டு இதை எழுதவில்லை, அக்கறையில்தான் சொன்னாய். ஆனால் அதற்கப்புறம் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் போய்ப் பார்த்தேன். குளிக்கும்போது பழைய பஸ் நம்பர்களையும் அவை போகும் ஊர்களையும் எனக்கு நானே ஒப்பித்துக்கொண்டேன், ஒன்றுகூடத் தப்பவில்லை, இருந்தும் மனசு ஆறவில்லை. பஸ் ஸ்டாண்டு விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து காலமெல்லாம் ஊருக்கே பதில் சொன்னவள் நான். இப்போது என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, ஓடிபி கேட்கிற கூரியர்காரரைத் தவிர. ஒரு தடவை விளக்கு எரிந்தபோது, "இதோ வந்துடுச்சு, பாருங்க" என்று பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அங்கே என் கைப்பைதான் இருந்தது. ஆமாம், நானும் பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லாவிட்டால், கண்ணால் பார்த்ததுகூட உறுதியில்லாமல் போய்விடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீம்புக்கு இன்னொரு தடவை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரு மெக்கானிக் பெண், கணினியை மாட்டாமல் நேராக வந்து பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "நீங்க எப்பவும் போற வழியிலயே போங்கம்மா, நானும் பாக்கறேன்" என்றாள். வேறு வழியில்லை, அங்கேயே ஓட்டினேன். எங்கே தெரியுமா, அப்பா கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு. அந்த மேட்டு ரோட்டில் பாதி ஏறும்போது அவள் சீட்டிலேயே துள்ளி, "அம்மா, எரியுது, எரியுது" என்று கத்தினாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, வண்டி நிக்காதும்மா, பயப்படாதீங்க என்று என் தோளைத் தட்டினாள். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், பேட்டரி சூடாகாமல் இருக்க உள்ளே ஒரு திரவம் ஓடுமாம், ஏதோ ஒரு குழாயின் கிளிப் தளர்ந்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது, சமதரையில் ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில் திரவம் ஒரு பக்கம் சாயும்போதுதான் விளக்கு எரியும். சர்வீஸ் சென்டரோ பந்தை வைத்தால் உருளாத சமதரை. நானும் மேட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிறகு அவள், "ஆஸ்பத்திரில யாரும்மா இருக்காங்க" என்று கேட்டாள். யாரும் இல்லம்மா, டீ குடிக்க வருவேன் என்றேன். உன்னிடமும் இதைத்தான் சொல்லாமல் இருந்தேன். அப்பா போன பிறகும் வாரம் ஒரு தடவை அந்த கேண்டீனுக்குப் போய்விடுகிறேன். வார்டுக்குப் போவதில்லை, அழுவதும் இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு என்னைத் தெரியும், சாப்பிட்டீங்களா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பாயோ என்று சொல்லவில்லை. அந்தப் பெண் ஒன்றும் நினைக்கவில்லை, அப்ப வாங்க, குடிச்சிட்டே போகலாம் என்றாள். கேண்டீன் அக்கா அவளைப் பார்த்து, பொண்ணா என்று கேட்டார், வண்டி பாக்க வந்தேங்க்கா என்றாள் இவள். அப்படியா என்று மேசையைத் துடைத்தபடி அக்கா என்னிடம், பையன் எப்ப வர்றான் என்றார். போகும்போதெல்லாம் அவர் கேட்பதுதான். அங்கே எல்லோருக்கும் உன்னைத் தெரியும், அப்பா படுத்திருந்தபோது பாதியிலேயே விமானம் ஏற வேண்டியிருந்த பையன் என்று.

கிளிப்பை மாற்றித் திரவத்தை நிரப்பித் தந்துவிட்டார்கள். அதற்கப்புறம் இரண்டு தடவை மேடு ஏறிவிட்டேன், விளக்கு எரியவில்லை. வண்டியை விற்கப்போவதில்லை, அந்தப் பேச்சை இனி எடுக்காதே. இனிமேல் நான் ஏதாவது பார்த்தேன் என்று சொன்னால் முதலில் நம்பு, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேள்.

மருமகளிடம் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று மறக்காமல் சொல், இல்லாவிட்டால் அவள் மனசுக்குள் வைத்துக்கொண்டு குமைவாள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பாப்பாவின் அடுத்த பல்லுக்கு முன்னால் ஒரு தடவை வரப் பார். மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்து நான் எடுக்காவிட்டால் பதறாதே, மேட்டு ரோட்டில் இருப்பேன். கேண்டீனுக்குப் போய் உட்கார்ந்ததும் நானே கூப்பிடுகிறேன். அன்றைக்கு மட்டும் நடக்காமல் பேசு.

என்றும் உன் நினைவாக,
அம்மா